வெண்கலக் குதிரையடியில்

சல்லுவியஸ் சீமான் தன் சொந்தச் சிலையின் காலடியில் செத்துக் கிடக்கிறார் என்ற செய்தி, பொழுது நன்றாக விடிவதற்குள் அவென்டைன் மேட்டுத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் ஐயோ என்றார்கள். மீதிப் பேர், "அப்போ அந்த வீட்டு அடிமைங்க கதி?" என்றார்கள்.

இந்த இரண்டாவது கேள்விதான் கியோனேயை ஓடவைத்தது. அந்த வீட்டுக் குதிரைக்காரன் ஹிலாரஸ் அவளுடைய அப்பா.

எஜமானை ஓர் அடிமை கொன்றுவிட்டால், அந்தக் கூரைக்குக் கீழே இருந்த அடிமைகள் அத்தனை பேரும் சாக வேண்டும். அதுதான் ரோமாபுரிச் சட்டம். கத்தியைத் தூக்கியவனுக்கும் பாயில் குறட்டை விட்டவனுக்கும் ஒரே தீர்ப்பு. மிளகாய் இல்லாத ஊரில் சட்டத்துக்கு மட்டும் என்ன காரம் என்று தெரியவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த டுரோனியஸைக் கியோனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். டுரோனியஸ் முன்பு நகரக் காவல்படையில் இருந்தவர். இப்போது கூலிக்குத் துப்புப் பார்க்கிறார். விரலில் இரும்பு மோதிரம், கன்னத்தில் எப்போதும் அடக்கிய ஓர் உலர்ந்த அத்திப்பழம். கியோனே அவருக்குக் கையாள். சல்லுவியஸ் வீட்டில் அடிமையாகப் பிறந்தவள். ஒரு விருந்தில் அவள் அடித்த கிண்டலுக்குச் சீமான் வயிறு குலுங்கச் சிரித்து, அங்கேயே அவளுக்கு விடுதலை கொடுத்துவிட்டார். அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அப்பாவுக்குக் கிண்டலடிக்க வராது.

முற்றத்தில் சிலை வெயிலில் தகதகத்தது. மர உருளைகளின் மேல் ஏற்றி, நகரச் சதுக்கத்துக்கு இழுத்துப்போகத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். முன்னங்காலைத் தூக்கிய குதிரை, மேலே சல்லுவியஸ். உச்சி முதல் குளம்பு வரை பொன்முலாம். சிலையில் சீமானுக்கு இருபது வயது குறைந்திருந்தது, தொப்பையும் இல்லை.

"செஞ்சவன் கெட்டிக்காரன் அண்ணே," என்றாள் கியோனே. "தொப்பைய உருக்கிக் குதிரைக்கு வெச்சுட்டான்."

"அப்பன் உசிருக்குப் போராடறப்பவும் உன் வாய் ஓயாதா?"

"ஓஞ்சா அழுதுடுவேன் அண்ணே. அழுதா உங்களுக்கு யாரு ஒத்தாசை?"

உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூலிக்கு மாரடிக்கும் பெண்கள் இன்னும் சுருதி பிடிக்கவில்லை. சல்லுவியஸ் நேற்று நடந்த சீமான்களின் வருடாந்தரக் குதிரை அணிவகுப்புக்குப் போட்டுக்கொண்ட ஊதா அங்கியிலேயே இருந்தார். விலாவுக்குக் கீழே குத்துக் காயம். இடது கை விரலில் தங்க மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. தங்க மோதிரம் என்றால் லேசில்லை. குதிரைச் சீமான் என்ற பட்டியலில் பேர் இருப்பவர்கள்தான் அதைப் போடலாம். மற்றவர்களுக்கெல்லாம் இரும்பு.

"மோதிரத்துக்காகக் குத்திட்டானுங்க," என்றான் சல்லுவியஸின் மகன் பிரிஸ்கஸ். கறுப்பு உடையில், சவரம் செய்யாத முகத்தோடு நின்றான். "பால ஊத்தி வளத்த பாம்புங்க. எவன்னு தேடறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் அனுப்பிடலாம்."

காவல்படைத் துணைத் தலைவர் செர்வேயஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் குதிரைச் சீமான்தான். டுரோனியஸ் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

"பொழுது சாயற வரைக்கும் தரேன் டுரோனியஸ்," என்றார். "அதுக்குள்ள கொன்னவன் வெளியாள்னு காட்டு, இல்ல வேற எதாவது காட்டு. இல்லாட்டி நாற்பது பேரையும் நாளைக்கு எஸ்குவிலின் வாசலுக்கு வெளிய கொலைக்களத்துக்குக் கூட்டிட்டுப் போகவேண்டியதுதான். எனக்கு மட்டும் ஆசையா?"

டுரோனியஸ் பிணத்தின் இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "கத்தி உறை எங்க?"

"கத்தியையும் எடுத்துட்டுப் போயிட்டானுங்க," என்றான் பிரிஸ்கஸ்.

"கத்திய உருவிக் குத்தினவன், உறையப் பட்டையிலேர்ந்து நிதானமா அவுத்துக்கிட்டும் போனானா? ரொம்பப் பொறுமைசாலி."

கியோனே முற்றத்தைக் காட்டினாள். மர உருளைகளின் ஓரத்தில் பாதி குடித்த மது, வெள்ளிக் கோப்பையில். "அந்தப் பொறுமைசாலிக்கு வெள்ளி கண்ணுல படல பாருங்க. யாரும் வெளிய போட்டுக்க முடியாத மோதிரத்த எடுத்துட்டான், யாரு வேணாலும் விக்கக்கூடிய கோப்பைய விட்டுட்டான். இவ்வளவு முட்டாளான ஒரு திருடனை எங்க வீட்ல வளக்கல துரை."

பிரிஸ்கஸ் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

அடிமைகளை நிலவறையில் அடைத்திருந்தார்கள். காற்றுத் துவாரத்துக்கு முன்னால் கியோனே குனிந்து உட்கார்ந்தாள். இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் முகம் வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"நல்ல கேள்வி கேட்டப்பா. ராத்திரி என்ன நடந்துச்சு? நீ என்ன பாத்தே?"

ஹிலாரஸ் தலையைக் குனிந்துகொண்டார். "எஜமான் யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

"அவரு செத்துட்டாருப்பா!"

"அதான் சொல்றேன். உசிரோட இருக்கறவங்ககிட்ட, வாக்க மாத்திக்கறேன்னு கேக்கலாம். செத்தவருகிட்ட எப்படிக் கேக்கறது?"

"நாப்பது பேரு சாகப்போறாங்க."

"நாங்க வாய தொறந்தாலும் தொறக்காட்டியும் சாகறதுதானேம்மா. எவனோ குத்திட்டான். நாங்க காப்பாத்தல. சட்டம் அதத்தான் கேக்கும்." அவர் குரல் தணிந்தது. "நீ ஒண்ணு பண்ணு. குதிரைக்குத் தண்ணி காட்டினாங்களான்னு பாரு. நேத்து பூரா வெயில்ல நின்னுது."

சாகப்போகிற மனுஷனுக்குக் குதிரையின் தாகம்தான் பெரிதாகப் போயிற்று. கியோனேவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் லாயத்துக்குப் போனாள். போனவள் ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, லாயம் காலி!"

டுரோனியஸ் அத்திப்பழம் மெல்வதை நிறுத்தினார். கூடத்துக்குள் போய்ப் பிரிஸ்கஸிடம், "குதிரை எங்க துரை?" என்றார்.

"வித்தாச்சு."

"எப்போ?"

"காலையில. மாட்டுச் சந்தையில."

"அப்பாவக் குளிப்பாட்டறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்றாள் கியோனே.

"உன் நாக்குக்கு எங்கப்பா விடுதலை குடுத்தாரு. நான் குடுக்கல," என்றான் பிரிஸ்கஸ். சொல்லிவிட்டு உள்ளே போனான்.

தெருவில் இறங்கியதும் டுரோனியஸ் வேகமாக நடந்தார். "கியோனே, அது யாரு குதிரை?"

"சல்லுவியஸ் குதிரை."

"இல்ல. அரசாங்கக் குதிரை. சீமான் பதவியோட சேத்துக் குடுத்தது. சீமான் செத்தா அரசாங்கத்துக்கிட்ட திருப்பி விடணும். இந்தப் பயலுக்கு அது நல்லாத் தெரியும், அவனும் அடுத்த பட்டியல்ல ஒரு குதிரை கெடைக்குமான்னு நாக்கத் தொங்கப்போட்டுட்டு நிக்கறவன். அப்படிப்பட்டவன் ஏன் விக்கறான்?"

"காசுக்கா?"

"அந்த வீட்லயா? போ. அரசாங்கக் குதிரைய விக்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. அணிவகுப்புல பட்டியல் வாசிக்கற மேடையிலேர்ந்து 'குதிரைய வித்துடு'ன்னு உத்தரவு வரணும். பதவியப் பிடுங்கிட்டேன்னு அதுக்கு அர்த்தம்."

கியோனே நின்றுவிட்டாள். "அப்படி நடந்திருந்தா ஊரே கைகொட்டிச் சிரிச்சிருக்குமே அண்ணே. நேத்து அணிவகுப்ப நான் பாத்தேன். யாரையும் அப்படிச் சொல்லல."

"அதான் எனக்கும் இடிக்குது."

மாட்டுச் சந்தையில் ஆற்று நாற்றமும் சாண நாற்றமும் போட்டி போட்டன. குதிரைத் தரகன் கொர்வஸ் அவர்களைக் கண்டதும் பல்லைக் காட்டினான். அவனுக்குப் பின்னால் சல்லுவியஸின் சாம்பல் நிறக் குதிரை நின்றது. பிடரியில் பின்னிய ஊதா நாடா இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"நேர்மையா வாங்கினது," என்றான் கொர்வஸ்.

"உன் வாயால அந்த வார்த்தைய சொல்லாத, குதிரை மிரண்டுடும்," என்றாள் கியோனே. அவள் ஒரு தொட்டித் தண்ணீரை இழுத்துக் குதிரைக்கு முன்னால் வைத்தாள். அது மூக்கை முழுக்க முக்கிக் குடித்தது.

"யாரு வித்தது?" என்றார் டுரோனியஸ்.

"பையன். விடியறதுக்குள்ள வந்தான். கேட்ட விலைக்குக் குடுத்தான். பேரம் பேசாம குதிரை விக்கறவன நான் என் தொழில்ல பாத்ததில்ல. எனக்கே பயமாப் போச்சு. ஆனா குதிரை எனக்குத் தெரிஞ்ச குதிரைதான். நேத்து சாயங்காலம் பாத்தேன்."

"எங்க?"

"கேஸ்டர் கோயில் படிக்குக் கீழ. அணிவகுப்பு முடிஞ்சதும் நாங்க போயி சாணி அள்ளுவோம். தோட்டக்காரங்க வாங்கிப்பாங்க. ஐயாயிரம் குதிரை போன இடம், வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் எங்களுக்கு அறுவடை. போயிப் பாத்தா, எல்லாரும் போயாச்சு, மேடையில துணியெல்லாம் சுருட்டறாங்க. இந்தக் குதிரை மட்டும் அங்கயே நிக்குது. மேல ஒரு பெரியவர், தலையில ஆலிவ் இலை. பக்கத்துல ஒரு கிழட்டு அடிமை கடிவாளத்தப் பிடிச்சுக்கிட்டு."

கியோனேயின் கை குதிரையின் கழுத்தில் நின்றது.

"நான், 'பெரியவரே, கொஞ்சம் நகத்துங்க, கீழ கெடக்குது'ன்னேன்," என்றான் கொர்வஸ். "அவரு என்னையப் பாக்கவே இல்ல. 'இன்னும் என் பேரக் கூப்பிடல'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அப்புறம் சிரிக்கல."

திரும்பி வரும்போது டுரோனியஸ் அத்திப்பழக் காம்பைத் துப்பினார். பிறகு சொன்னார்: "பெரிய குத்தம்னா முகத்துக்கு நேரா வித்துடுன்னு சொல்லுவாங்க. மானத்தக் காப்பாத்தி அனுப்பணும்னா திட்ட மாட்டாங்க. பட்டியல வாசிக்கறப்ப அந்தப் பேர விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. அந்த இரைச்சல்ல ஒரு பேரு விட்டுப்போனது யாருக்குத் தெரியும்? அந்தப் பேருக்காகக் காத்துக்கிட்டு நின்னவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"ஏன் விட்டாங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள் கியோனே.

"சொல்லு."

"குதிரைச் சீமான் ஆகணும்னா அவரு மட்டும் சுதந்திரமாப் பொறந்தாப் போதாது. அப்பனும் தாத்தனும் சுதந்திரமாப் பொறந்திருக்கணும். சல்லுவியஸோட தாத்தா டெலோஸ் தீவு அடிமைச் சந்தையில கழுத்துல அட்டையோட விலைபோன ஆளு. எங்க அடுப்படியில எல்லாருக்கும் தெரியும். பட்டியல்ல பொய் சொல்லித்தான் ஏறினாரு. நாப்பது வாய் அண்ணே. இத்தன வருஷத்துல ஒரு வாயிலேர்ந்தும் ஒரு சொல்லு வெளிய போகல. சவுக்கடி வாங்கினவன்கூடச் சொல்லல. வெளிய எவனோ பொறாமைக்காரன்தான் மோப்பம் பிடிச்சிருப்பான்."

டுரோனியஸ் கசப்பாகச் சிரித்தார். "அப்போ பிரிஸ்கஸ் ஏமாறலம்மா. கொலைகாரன் யாருன்னு தெரியாம அவன் தவிக்கல. அப்பன் தானே குத்திக்கிட்டார்னு தெரிஞ்சா ஏன் குத்திக்கிட்டார்னு ஊரு கேக்கும். அதுக்கு அடிமை கொன்னான்னு சொல்றது சௌகரியம். குதிரையத் திருப்பி விடப் போனாலும் பட்டியல்ல பேரு இல்லன்னு தெரிஞ்சுடும், அதான் அவசரமா வித்துட்டான். கூடவே நாப்பது வாயும் ஒரேயடியா மூடிடும்."

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்த வீட்டில் குழி பறித்தது குதிரை இல்லை. ஓர் அடிமையின் பேரனுக்குப் பிறந்த மகன், தன் பூட்டனைப் போன்ற நாற்பது பேரைக் குழியில் தள்ளித் தன் பூட்டனை மறைக்கப் பார்த்தான். நினைக்க நினைக்கக் கியோனேவுக்கு நாக்கில் எட்டிக்காயாகக் கசந்தது.

"கத்தியும் உறையும் பையன்கிட்ட," என்றார் டுரோனியஸ். "அப்பன் கத்தின்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சுடுமேன்னு ஒளிச்சுட்டான். ஆனா மோதிரம்? மோதிரத்த அவன் ஏன் எடுக்கணும்? விரல்ல இருந்தாத்தானே அப்பன் கடைசி வரைக்கும் சீமான்? அது இல்லாம, தற்கொலைன்னு நான் சொன்னா செர்வேயஸ் கேக்க மாட்டார். மோதிரம் எங்கன்னு கேப்பார்."

"சல்லுவியஸே கழட்டிட்டாரு," என்றாள் கியோனே.

"கழட்டி எங்க போட்டாரு? தூக்கி எறிஞ்சாரா?"

"அந்த மனுஷனா? மோதிரத்தோடதான் குளிப்பாரு, மோதிரத்தோடதான் குறட்டை விடுவாரு. எறிய மாட்டாரு. தகுதியானவன் கையில குடுத்திருப்பாரு."

"வீட்ல எவன் தகுதியானவன்? பையனுக்கே இனிமே கெடைக்காது."

வாசலுக்கு வந்திருந்தார்கள். முற்றத்தில் வெயில் சாய்ந்து சிலையின் மேல் விழுந்திருந்தது. கியோனே அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, இந்த வீட்ல இன்னும் பதவி போகாத சீமான் ஒருத்தர் இருக்காரு. குனியுங்க."

"எதுக்கு?"

"குனியுங்கன்னா."

டுரோனியஸின் முதுகில் ஒரு கால், தோளில் ஒரு கால். அவ்வளவு ஏறியும் வெண்கலக் குதிரையின் முதுகு அவள் மார்பு உயரத்தில் இருந்தது. எக்கிப் பிடித்துத் தொத்தினாள். சீமானுக்குப் பின்னால் உட்கார்ந்து கையை முன்னால் விட்டுத் துழாவினாள். கடிவாளம் பிடித்த இடது கையில், பொன்முலாம் பூசிய விரலில், அது இருந்தது. தங்கத்தின் மேல் தங்கம். கீழேயிருந்து பார்த்தால் காக்கைக்கும் தெரியாது. விரலின் பாதி வரை அழுத்தித் திணிக்கப்பட்டிருந்தது. சேணத் துணியின் மடிப்புகளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இருக்கு அண்ணே!" என்று கத்தினாள். கத்தும்போது சிரித்தாள். "அப்பா பொழைச்சாரு!"

டுரோனியஸ் கீழேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டார்.

பொழுது சாய்வதற்கு முன்பே செர்வேயஸ் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நிலவறையிலிருந்து நாற்பது பேரையும் சங்கிலியோடு கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். சமையல்காரன், அவன் பெண்டாட்டி, துணி வெளுப்பவன், வாசல் காப்பவன், தலைவாரும் பெண்கள். வரிசையின் கடைசியில் ஹிலாரஸ் நின்றார்.

டுரோனியஸ் சுருக்கமாகச் சொன்னார். அவிழ்க்கப்பட்ட உறை, விட்டுப்போன கோப்பை, விற்கப்பட்ட குதிரை, வாசிக்கப்படாத பேர். மோதிரத்தைக் கியோனே செர்வேயஸின் கையில் வைத்தாள். தாத்தாவைப் பற்றி மட்டும் டுரோனியஸ் வாய் திறக்கவில்லை.

"பிரிஸ்கஸ், கத்தி எங்கப்பா?" என்றார் செர்வேயஸ்.

பிரிஸ்கஸ் தரையைப் பார்த்தான். "கிணத்துல."

"உங்கப்பா கத்திதானே?"

"ஆமா. அவருக்கு ஒரு நல்ல பேரு மிஞ்சட்டும்னுதான்..."

"மிஞ்சும்," என்றார் செர்வேயஸ். "பேரு விட்டுப்போனதப் பத்தி இங்க யாரும் எழுதப் போறதில்ல. அடுத்த பட்டியல்ல உங்கப்பா பேரு இருக்காது. செத்தவர் பேரு எப்படியும் இருக்காது. யாரும் கேக்க மாட்டாங்க. சீமான்கள் மானம் சந்தைக்கு வர நான் விடமாட்டேன். சிலையும் சதுக்கத்துக்குப் போகட்டும்."

வரிசையில் நின்றவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. சமையல்காரனின் பெண்டாட்டி அழத் தொடங்கினாள். கியோனே அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

செர்வேயஸ் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து சிலையைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு டுரோனியஸ். அவரு மேல எப்படிப் போனாரு?"

"ஏறிப் போயிருப்பாரு ஐயா," என்றார் டுரோனியஸ், சட்டென்று.

"தானாவா?"

"வெறி வந்தா மனுஷன் எதையும் செய்வான்."

செர்வேயஸ் சிரித்தார். சந்தோஷமில்லாத சிரிப்பு. "நான் சின்ன வயசுலேர்ந்து குதிரை ஏறறவன். இன்னிக்கு வரைக்கும் எவனாவது முதுகையோ கையையோ குடுக்காம ஏறினதில்ல. ரோமாபுரியில வயசான எந்தச் சீமானும் ஏறினதில்ல. இது உயிர்க் குதிரையவிட ஒரு ஆள் உயரம் ஜாஸ்தி. அவருக்கோ தொப்பை. யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அந்த யாரோதான் கொன்னானா, இல்ல கூட நின்னு பாத்தானா? அது தெரியற வரைக்கும் இது தற்கொலைன்னு நான் எப்படி எழுதறது? ஆள் யாருன்னு சொல்லு. இல்லாட்டி நாப்பது பேரும் போகட்டும்."

கியோனேவுக்கு அப்போதுதான் உறைத்தது. டுரோனியஸின் முதுகில் தான் மிதித்து ஏறியது, அவர் வாயெடுத்துச் சொல்லாமல் விட்டது. இந்த வீட்டில் எஜமானைக் குதிரையில் ஏற்றி விடுவது யார் வேலை என்று அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அந்த முதுகைப் பார்த்தவள். துப்புத் துலக்கியாயிற்று என்று குதித்தாளே, துலக்கியது யாரை?

எதையாவது சொல்ல வேண்டும். வெளியாள் வந்தான், சிலை செய்தவன் ஏணி விட்டுப்போனான், எதையாவது. விருந்து மேசையில் ஒரு மூச்சில் பத்துப் பொய் சொல்லிச் சிரிக்கவைத்தவள். இப்போது ஒரு பொய் வரவில்லை. வரிசையில் முப்பத்தொன்பது பேர் அவளைப் பார்த்தார்கள். யாரும் ஹிலாரஸைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாய் மூடி வாழ்ந்து பழகியவர்கள்.

"நான்தான் துரை," என்றார் ஹிலாரஸ். "ஏத்தி விடறது என் வேலை."

"அப்பா, சும்மா இரு!"

"இரும்மா. எஜமானுக்குக் குடுத்த வாக்குதான். ஆனா இத்தன பேரு..." அவர் செர்வேயஸைப் பார்த்தார். "இருட்டற நேரம் துரை. ஒரே ஒரு தடவை ஏத்தி விடுடான்னாரு. இதுல ஏறினா எவனாலயும் என்னை எறக்க முடியாதுன்னாரு. முதுகக் குடுத்தேன். தோள்ல நின்னு ஏறினாரு. அழுதாரு. உள்ள போடான்னாரு. போயிட்டேன். காலையில பாத்தா இப்படி."

"இடுப்புல கத்தி இருந்துச்சா?"

"எப்பவும் இருக்கும் துரை."

"அழறவரக் கத்தியோட தனியா விட்டுட்டுப் போனே."

"போன்னு சொன்னா போறதுதான் துரை எங்களுக்குத் தெரியும்."

செர்வேயஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எஜமான் தானே குத்திக்கிட்டா அடிமைங்க மேல குத்தமில்ல. சட்டம் அதத்தான் சொல்லுது. ஆனா தடுக்கக்கூடிய எடத்துல இருந்துட்டுத் தடுக்காதவனுக்கு மன்னிப்புக் கெடையாது. மத்தவங்கள அவுத்து விடுங்க. இவன மட்டும் நிறுத்துங்க."

"தடுத்திருந்தா?" கியோனே முன்னால் பாய்ந்தாள். டுரோனியஸ் அவள் தோளைப் பிடித்தார், உதறினாள். "எஜமான் கையப் பிடிச்சு இழுத்து, கத்தியப் பிடுங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எஜமான் மேல கை வெச்சான்னு அதுக்கும் கொன்னிருப்பீங்களே!"

"கொன்னிருக்கலாம்," என்றார் செர்வேயஸ். மறைக்காமல்தான் சொன்னார். "நீ நாப்பது பேரக் காப்பாத்த வந்தே. முப்பத்தொம்பது பேரக் காப்பாத்திட்டே. ஊர்ல எவனும் இவ்வளவு செஞ்சதில்ல."

"எனக்கு முப்பத்தொம்பது பேரும் அப்பா இல்லையே துரை."

எழுத்தன் மெழுகுப் பலகையோடு வந்தான். "பேரு?"

"ஹிலாரஸ்."

"யாரு மகன்?" என்று கேட்டுவிட்டு, அடிமை என்று நினைவு வந்து, எழுதத் தொடங்கியதைத் தானே அடித்துவிட்டான்.

"மகள்னு எழுது," என்றாள் கியோனே. "இவருக்கு ஒரு மகள் இருக்கா. கியோனேன்னு எழுது. பிணத்த நான் வாங்கிக்கணும்."

"அடிமைக்கு மகள் கெடையாதும்மா. அப்பனும் கெடையாது, புள்ளையும் கெடையாது. நான் எப்படி எழுதறது?" எழுத்தன் வயதானவன், கெட்டவனில்லை. பலகையை மூடிக்கொண்டு நகர்ந்தான்.

பிரிஸ்கஸ் நேரத்தை வீணாக்கவில்லை. சங்கிலி அவிழ்ந்தவர்கள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, "கயித்தப் பிடிங்க, வெளிச்சம் இருக்கறப்பவே இழுத்துடலாம்," என்றான். சாகாமல் தப்பியவர்கள் சிலையின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பீடத்துக் கல்வெட்டில் எழுத்துகள் ஏற்கெனவே வெட்டி முடிக்கப்பட்டிருந்தன. சல்லுவியஸ், குதிரைச் சீமான், இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன். பொய்யான தாத்தாவின் பேரும் கல்லில் அழகாக இருந்தது.

சிலை வலப்பக்கம் சதுக்கத்துக்குப் போயிற்று. ஹிலாரஸை இடப்பக்கம் கூட்டிப் போனார்கள்.

கியோனே இடப்பக்கம் நடந்தாள். டுரோனியஸ் கொஞ்சம் பின்னால் வந்தார். தெருவில் ஜனங்கள் பொன் குதிரையைப் பார்க்க அந்தப் பக்கம் ஓடினார்கள். எதிரே வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்பா!" என்றாள்.

ஹிலாரஸ் திரும்பினார். காவலாளி அவர் முதுகில் தள்ளினான். "அடிமைய அப்படிக் கூப்பிடாத. தள்ளிப் போ," என்று கியோனேயைப் பார்த்து உறுமினான்.

அவள் தள்ளிப் போகவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் கூப்பிட்டாள்.